2,300 டாலர் போச்சு: 'அன்ரீஸ்டோர்டு' என்ற ஒற்றைச் சொல்லை நம்பி வாங்காதீர்கள்

நிலையைச் சோதித்து மதிப்பிடும் கிரேடிங்குக்கு அனுப்பிய 1941-ஆம் வருட ஆக்‌ஷன் காமிக்ஸ் (சூப்பர்மேன் கதைகள் வந்த தொடர்) இதழ் நேற்று திரும்பி வந்தது. நீல லேபிள் வரும் என்று பார்த்தால் ஊதா லேபிள். நீலம் என்றால் கைவைக்காதது, ஊதா என்றால் சரிசெய்யக் கைவைத்த புத்தகம். கலர் டச் (நிறம் போன இடத்தில் தீட்டுவது), டிரிம் (ஓரத்தை வெட்டுவது), இரண்டும் உண்டாம். கொடுத்தது 2,300 டாலர். இப்போது பாதி விலைக்குக்கூட ஆள் இல்லை.

வாங்கிய இடம் பழைய காமிக்ஸ் மட்டும் விற்கும் ஓர் ஆன்லைன் ஏலத் தளம். பெயர் வேண்டாம். 'அன்ரீஸ்டோர்டு', அதாவது கைவைக்காதது, என்று போட்டு 11 படங்கள் வைத்திருந்தார்கள். ஆனால் நம்ப வைத்தது அதுவல்ல. "கீழ் ஸ்டேபிளில் லேசாகத் துரு இருக்கு, பின் அட்டையில கால் அங்குலம் கிழிசல் இருக்கு, பார்த்துக்கோங்க" என்று விற்றவர் கேட்காமலே சொன்னார். குறையைத் தானாகச் சொல்கிற ஆள் எதை மறைக்கப் போகிறார் என்றுதானே தோன்றும்? கடுகைக் காட்டிவிட்டுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் புதைத்திருக்கிறார்.

முதுகு மடிப்பில் நிறம் உதிர்ந்த இடங்களில் சிவப்பு மார்க்கர் தீட்டியிருக்கிறார்கள். வெளியே தெரியாது. அட்டையைத் திறந்து உட்பக்கம் மடிப்போரம் பார்த்தால், மை ஊறி இளஞ்சிவப்புப் பொட்டாக நிற்கிறது. 11 படங்களில் அந்த ஓரம் மட்டும் இல்லை! டிரிம் இன்னும் மோசம். அந்தக் கால நியூஸ்பிரிண்டில் அமிலம் அதிகம். ஓரத்தில் தொடங்கி உள்ளே பழுப்பேறி நொறுங்கும். அதை வெட்டி எடுத்துவிட்டால் புத்தகம் புதுசு போல நிற்கும். 80 வருடப் புத்தகத்தின் ஓரம் பிளேடு மாதிரி இருந்தால் சந்தோஷப்படக் கூடாது, ஸ்கேலை எடுக்க வேண்டும்.

புகாருக்கு வந்த முதல் பதில்: "கிரேடிங் என்பது ஒருவர் கருத்து." அடுத்தது: "திருப்பும் கெடு 14 நாள்." கிரேடிங் முடியவே ஏழு வாரம் ஆனது. மூன்றாவது பதிலே இல்லை, புகாரையே முடித்து மூடிவிட்டார்கள். 2,300 டாலர்!

சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-ல் மொத்த உரிமையையும் 130 டாலருக்குக் கொடுத்தவர்கள். அந்த 130-ஐயும் சேர்த்துக் கொடுத்த 412 டாலர் காசோலையில் அவர்கள் பெயரைக்கூடத் தப்பாக எழுதியிருந்தார்கள். அதே காசோலை 2012-ல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது. இந்தத் தொழிலின் லட்சணம் அன்றிலிருந்தே இதுதான்.

ஐந்தாறு யோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், எரிச்சலில் ஓடவில்லை. அட்டையின் உட்பக்க மடிப்போரப் படம் கேளுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். அல்ட்ராவயலட் டார்ச் அடித்துப் பாருங்கள், பின்னாளில் ஒட்டிய வெள்ளைக் காகிதம் பெரும்பாலும் நீலமாக மின்னும். 'சூப்பர்மேன் அறிமுகமான முதல் இதழே இருக்கு' என்று யாராவது வந்தால் அளந்து பாருங்கள்: 1974-ல் வந்த பெரிய அளவு மறுபதிப்பின் வெளியட்டையைக் கழற்றிவிட்டு அசல் என்று தலையில் கட்டுவார்கள். அதன் அகலம் சுமார் பத்து அங்குலம், அசல் எட்டைத் தாண்டாது. பணத்தை கார்டில் கட்டுங்கள். என் பணம் பேங்க் டிரான்ஸ்ஃபரில் போனது. 2,300 டாலருக்கும் வங்கி கையை விரித்துவிட்டது.