கூகுள் பிசினஸ் புரொஃபைல்: மலையகக் கடைகளுக்கு எந்தளவு பயன்?

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, பண்டாரவளையில் ஒரு டயர் கடை, எல்லவில் நான்கு அறை கொண்ட ஒரு விடுதி. மூன்றுக்கும் வருமானத்தில் பெரும்பங்கு வெளியூர்க்காரரிடமிருந்து வருகிறது. அவர்களுக்குக் கடையின் பெயர் தெரியாது. வாகனத்தை ஓரமாக நிறுத்தி, போனில் சாப்பாடு, டயர், ரூம் என்று தேடி, மெப்பில் முதலில் தெரியும் மூன்று நான்கு இடங்களில் ஒன்றுக்குப் போய்விடுவார்கள். அந்த மூன்று நான்கில் ஒன்றாக நம் கடையும் தெரிவதற்கு உள்ள வழிதான் கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கடையின் பெயர், இடம், நேரம், படங்களைக் கூகுள் தேடலிலும் மெப்பிலும் காட்டும் பக்கம். 2014இல் கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் வந்தது, 2021இல் இப்போதைய பெயருக்கு மாறியது. தனியாக இருந்த ஆப்பை 2022இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது எல்லா வேலையையும் கூகுள் தேடலிலோ மெப் ஆப்பிலோ தான் செய்ய வேண்டும். அதனால் பழைய ஆப்பை இறக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கட்டணம் எதுவும் இல்லை. பிரதான வீதியில் இருக்கும் உணவகம், விடுதி, கராஜ், பாமசி, போட்டோ ஸ்டூடியோ எல்லாவற்றுக்கும் இது கட்டாயம் வேண்டும் என்பதே எங்கள் முடிவு. தோட்டத்துக்குள் லயத்து மக்களுக்கு மட்டும் சாமான் விற்கும் கடைக்கு இதனால் பெரிய மாற்றம் வராது. அங்கே வட்ஸ்அப் பிசினஸ் போதும்.

மலையகத்தில் இந்தச் சேவை முதலில் தடுமாறுவது முகவரியில்தான். இலக்கமும் வீதிப் பெயரும் உள்ள நகரங்களை மனதில் வைத்துச் செய்த படிவம் இது. தோட்டத்தின் பெயர், டிவிசன், தபாற்கந்தோர் என்று எழுதும் நம் முகவரியை அதில் போட்டால், மெப்பில் கடையின் இடத்தைக் காட்டும் குறியை நகரத்தின் நடுவிலோ தோட்டத்தின் ஏதோ ஒரு மூலையிலோ கொண்டுபோய் வைத்துவிடும். சமதரையில் இருபது மீற்றர் தள்ளி இருந்தால் பரவாயில்லை, கண்ணுக்குக் கடை தெரியும். ரம்பொடைப் பக்கத்து வளைவுகளில் அதே இருபது மீற்றர் என்பது மேல் றோட்டுக்கும் கீழ் றோட்டுக்கும் உள்ள வித்தியாசம். கீழ் றோட்டில் நிற்கும் வேன்காரனுக்கு "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று போன் சொல்லும், கடையோ தலைக்கு மேலே இருக்கும்.

இதைச் சரிசெய்ய முகவரியை எழுதிவிட்டு, குறியைக் கையால் நகர்த்தும் பக்கத்துக்குப் போங்கள். சாதாரண மெப்பை விட்டு செய்மதிப் படத்துக்கு மாற்றி நன்றாகப் பெரிதாக்குங்கள். குறியைக் கூரையின் நடுவில் வைக்காமல், வாகனம் வந்து நிற்கும் வாசல் பக்கம் வையுங்கள். பிறகு வேறொரு போனில் வழி கேட்டுப் பார்க்க வேண்டும். நுவரெலியா விடுதி என்றால் நானுஓயா புகையிரத நிலையத்திலிருந்து ஒருதடவை, கண்டி றோட்டிலிருந்து ஒருதடவை. போன் ஏதாவது தோட்டத்து றோட்டைக் குறுக்கு வழியாகக் காட்டினால், அது உங்கள் புரொஃபைலின் பிழை இல்லை, மெப்பின் பிழை. அந்த றோட்டைத் தொட்டு, மெப்பிலேயே திருத்தம் அனுப்ப வேண்டும். அது சரியாகும் வரை "பெரிய வாகனங்கள் பிரதான வீதியால் வரவும்" என்று விவரக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

முகவரி இல்லாத இடங்களுக்குக் கூகுள் கொடுக்கும் பிளஸ் கோட் நம் ஊருக்கென்றே செய்தது போல இருக்கிறது. மெப்பில் எந்த இடத்தையும் அழுத்திப் பிடித்தால் சில எழுத்தும் இலக்கமும் சேர்ந்த ஒரு குறியீடு வரும். அது ஏறத்தாழ 14 மீற்றருக்கு 14 மீற்றர் சதுரம் ஒன்றைக் குறிக்கும். பில்லிலும் விசிட்டிங் காட்டிலும் வட்ஸ்அப் பதிலிலும் அதைப் போடலாம். ஊர்ப் பெயரையும் சேர்த்தே போடுங்கள், இல்லாவிட்டால் சுருக்கக் குறியீடு வேலை செய்யாது.

கிரகரி வாவி அருகே குறியை வைத்தால் நிறையப் பேருக்குத் தெரியும் என்று, உண்மையில் இல்லாத இடத்தில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். தேடுபவரின் தேவைக்குப் பொருத்தம், தூரம், கடை எந்தளவு அறியப்பட்டது ஆகிய மூன்றையும் வைத்தே கூகுள் வரிசைப்படுத்துகிறது என்பதால் அந்த ஆசை வருகிறது. ஆனால் யாராவது ஒருவர் முறையிட்டால் புரொஃபைல் முடக்கப்படலாம். மீட்பதற்கு ஆவணங்களோடு மேன்முறையீடு செய்ய வேண்டும். சீசன் நேரத்தில் அப்படி நடந்தால் அந்த வருடத்து வியாபாரமே போய்விடும்.

அடுத்தது உறுதிப்படுத்தல், அதாவது கடை உண்மையில் இருக்கிறது, அது உங்களுடையது என்று கூகுளுக்குக் காட்டுவது. இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். ஒரே தொடர்ச்சியாக எடுக்க வேண்டும், வெட்டி ஒட்டக்கூடாது, குறைந்தது 30 செக்கன் இருக்க வேண்டும். ஒன்றரை நிமிடம் எடுத்தால் அவசரமில்லாமல் எல்லாம் காட்டலாம். இந்த ஒழுங்கு சரிவரும்: றோட்டில் நின்று பக்கத்துக் கடைப் பலகை அல்லது சந்தி, பிறகு உங்கள் பெயர்ப்பலகை, பிறகு சாவியால் கதவைத் திறப்பது, உள்ளே அடுப்போ டயர் மெஷினோ, கடைசியாகச் சுவரில் மாட்டிய வணிகப் பெயர்ப் பதிவு அல்லது உள்ளூராட்சி சபையின் வர்த்தக உரிமம். வாடிக்கையாளர் முகமும் அடையாள அட்டையும் வங்கி விவரமும் படத்தில் விழக்கூடாது.

வீடியோ தோல்வியடைவதற்கு இங்கே இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பின்னேரம் பனிமூட்டம் இறங்கிய பிறகு எடுப்பதால் பலகை வாசிக்க முடியாமல் போகிறது. காலையில், வெளிச்சம் நேராகப் பலகையில் விழும்போது எடுங்கள். மற்றது, பலகையில் ஒரு பெயர், உரிமத்தில் வேறொரு பெயர். தாத்தா காலத்துப் பெயரில் பதிவு இருக்கும், பலகையில் மகன் வைத்த புதுப் பெயர் இருக்கும். பதிவை முதலில் பிரதேச செயலகத்தில் திருத்திக்கொண்டு வருவதுதான் நேர்வழி. அனுப்பிய பிறகு ஐந்து வேலை நாள் வரை ஆகலாம். அதற்குள் பெயரையோ முகவரியையோ மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

பெயரைப் பலகையில் உள்ளபடியே எழுதுங்கள். "சிறந்த சோறு கறி நுவரெலியா" என்று பின்னால் வால் ஒட்டுவது விதிமீறல், முடக்கத்துக்கு நேர்வழி. தேடலில் வருவதற்கு உதவுவது வால் இல்லை, என்ன மாதிரியான கடை என்று பட்டியலிலிருந்து தெரிவு செய்யும் வகை. முதன்மை வகை ஒன்று, துணை வகைகள் ஒன்பது வரை போடலாம். முதன்மையைக் குறுகலாக எடுங்கள். சீதா எலிய அம்மன் கோயிலுக்கும் ரம்பொடை அனுமன் கோயிலுக்கும் இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் சைவச் சாப்பாடுதான் தேடுகிறார்கள். முழுக்கச் சைவக் கடை வைத்திருப்பவர் வெறும் "உணவகம்" என்று போட்டால் கொத்து ரொட்டிக் கடைகளோடு போட்டியிட வேண்டும், "சைவ உணவகம்" என்று போட்டால் வரிசை மிகச் சிறியது. தமிழில் வகைப் பெயர்கள் சில இடங்களில் விளங்காது. இந்தப் பகுதியை மட்டும் போனை ஆங்கிலத்துக்கு மாற்றிச் செய்வது நல்லது.

போன் இலக்கத்தில் 052, 051, 057, 055 என்று தொடங்கும் நிலையான இலக்கத்தை மட்டும் கொடுத்து, அதை யாரும் எடுக்காமல் விடும் கடைகள் ஏராளம். எடுக்கும் கைபேசி இலக்கத்தை முதலில் போடுங்கள். முன்னால் 0 இல்லாமல் +94 சேர்த்து எழுதினால்தான் வெளிநாட்டு சிம்மிலிருந்தும் அழைப்பு வரும்.

திறக்கும் நேரம்தான் நல்ல விமர்சனத்தையும் கெட்ட விமர்சனத்தையும் தீர்மானிக்கிறது. மெப் "திறந்திருக்கிறது" என்று சொல்லி, மழையில் மேடு ஏறி வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்தால் ஒரு நட்சத்திரம் நிச்சயம். போயா நாட்கள், தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி எல்லாவற்றுக்கும் சிறப்பு நேரம் என்ற தனிப் பகுதி உண்டு. ஜனவரியில் கலண்டரை வைத்து வருடம் முழுவதுக்கும் ஒரே இருப்பில் போட்டுவிடலாம். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன் ஓடும்போது மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கத்துக் கடைகள் இரவு முழுக்கத் திறந்திருக்கும். சீசன் முடிந்ததும் அந்த நேரத்தை மாற்ற மறந்துவிடுகிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மண்சரிந்து பாதைகள் மூடியது போன்ற நேரத்துக்கென்று "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது" என்ற தெரிவு இருக்கிறது. "நிரந்தரமாக" என்பதை அழுத்திவிடாதீர்கள்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக: 720க்கு 720 பிக்சல், 10 கேபியிலிருந்து 5 எம்பிக்குள். வட்ஸ்அப்பில் அனுப்பிப் பெற்ற படம் சுருங்கி மங்கிவிடும், எடுத்த போனிலிருந்தே நேராக ஏற்றுங்கள். றோட்டின் இரண்டு பக்கமிருந்தும் கடை எப்படித் தெரிகிறது என்ற படமும், விலை தெரியும் மெனுப் படமும் இருந்தால் வேறு அலங்காரம் தேவையில்லை. இணையத்தில் எடுத்த தேயிலை மலைப் படங்களால் ஒரு பயனும் இல்லை.

விமர்சனம் கேட்பது தவறில்லை. புரொஃபைலில் அதற்கான இணைப்பும் கியூஆர் குறியீடும் கிடைக்கும், அச்சடித்து காசாளர் மேசையில் வைக்கலாம். ஐந்து நட்சத்திரம் போட்டால் டீ இலவசம் என்று எழுதி வைப்பது விதிக்கு முரண். சொந்தக்காரரை வைத்து ஒரே நாளில் இருபது விமர்சனம் போட வைத்தால் அவை அழிக்கப்படலாம், உண்மையான விமர்சனங்களும் அதோடு சந்தேகத்துக்குள்ளாகும். மோசமான விமர்சனத்துக்கு, எழுதியவர் எந்த மொழியில் எழுதினாரோ அதே மொழியில் மூன்று நான்கு வரி போதும். என்ன நடந்தது, இப்போது என்ன மாற்றப்பட்டது, எந்த இலக்கத்துக்கு அழைக்கலாம். அந்தப் பதிலை வாசிக்கப்போவது கோபப்பட்டவர் மட்டுமில்லை, அடுத்து வரப்போகிறவரும்தான்.

வட்ஸ்அப் பிசினஸோடு ஒப்பிட்டால் இரண்டின் வேலையும் வேறு. தெரியாதவரைக் கூகுள் கொண்டுவரும், வந்தவரை வட்ஸ்அப் பிடித்து வைத்திருக்கும். வட்ஸ்அப்பின் கட்டலொக்கில், அதாவது பொருள் பட்டியலில், 500 பொருட்கள் வரை போடலாம். ஒரே செய்தியைப் பலருக்கு ஒன்றாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேர், அதுவும் உங்கள் இலக்கத்தைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போகும். ஆகவே முதல் பில்லிலேயே இலக்கத்தைச் சேமிக்கச் சொல்லுங்கள். பேஸ்புக்கில் காசு கொடுத்துப் பதிவைப் பரப்புவது, திறப்பு விழாவுக்கும் தீபாவளி உடுப்பு விற்பனைக்கும் சரி. பஞ்சரான டயரோடு நிற்பவர் பேஸ்புக் பார்க்கமாட்டார்.

குறைகளில் பெரியது, ஏதாவது சிக்கல் வந்தால் பேசுவதற்கு ஊரில் ஒரு மனிதர் இல்லை. எல்லாம் படிவம், எல்லாம் காத்திருப்பு. அந்த இடைவெளியில்தான் "கூகுளில் முதலிடம் எடுத்துத் தருகிறோம்" என்று சொல்லிக் காசு வாங்குபவர்கள் நுழைகிறார்கள். இலவசப் பட்டியலில் முதலிடத்தை யாராலும் விற்க முடியாது, காசுக்குக் கிடைப்பது விளம்பரம் என்று குறியிட்ட இடம் மட்டும். வேலையை வேறொருவரிடம் கொடுப்பதில் தவறில்லை. படம் எடுக்க, மெனு ஏற்ற, பதில் எழுத ஆள் வைக்கலாம். ஆனால் புரொஃபைலை அவருடைய ஜிமெயிலில் திறக்க விட்டுவிட்டால், அவர் கொழும்புக்கோ டுபாய்க்கோ போன நாளிலிருந்து உங்கள் கடையின் நேரத்தைக்கூட உங்களால் மாற்ற முடியாது.

கடைக்கென்று ஒரு ஜிமெயில் திறந்து, கடவுச்சொல்லை வீட்டில் எழுதி வைத்து, அதையே முதன்மை உரிமையாளராகப் போடுங்கள். வேலை செய்பவரை முகாமையாளர் என்று மட்டும் சேருங்கள். ஏற்கனவே வேறொருவர் கையில் இருந்தால், மெப்பில் கடையைத் திறந்து உரிமை கோரும் தெரிவை அழுத்துங்கள். இப்போது வைத்திருப்பவருக்கு மின்னஞ்சல் போகும். அவர் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதில் தராவிட்டால், நீங்களே உறுதிப்படுத்தி எடுக்க வழி திறக்கலாம். அதற்கும் அதே வீடியோதான், அதே உரிமப் பத்திரம்தான். ஆகவே பத்திரத்தைப் புதுப்பித்து வைத்துக்கொண்டே கோரிக்கையை அனுப்புங்கள்.