கதிர்சிகிச்சைப் பௌதிகம் படிக்கப் பேராதனையா, தமிழ்நாடா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்று வெளியேறுகிற பிள்ளைகளில் ஓரிருவராவது ஆண்டுதோறும் என்னிடம் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியைக் கொண்டு தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்த பிறகு, புற்றுநோயாளிக்குக் கொடுக்கிற கதிரின் அளவைக் கணித்துச் சரிபார்க்கிற இத்துறையின் பெயராவது நம்மூர் வீடுகளில் அடிபடத் தொடங்கியிருக்கிறது. நான் தமிழ்நாட்டைத் தெரிந்தெடுத்தவன்; என் தராசு அந்தப் பக்கம் சாய்ந்தே நிற்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஸ்கேன் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லுகிற கதிரியல் நிபுணராக வருவதற்கு வைத்தியப் பட்டம் பெற்ற பின் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எம்.டி. செய்ய வேண்டும், பௌதிகப் பட்டதாரிக்கு அந்தக் கதவு இல்லை. அவருக்குத் திறந்திருப்பது மருத்துவ பௌதிகவியலில் விஞ்ஞான முதுமாணிப் (எம்.எஸ்ஸி.) பட்டம். அதற்குள்ளும் படவியல், கதிர்சிகிச்சை என்று இரு கிளைகள் உண்டு. படவியல் பக்கத்தில் நான் நின்றது சில கிழமைகள்தான் என்பதால் அதைப்பற்றி அதிகம் பேச எனக்கு உரிமையில்லை. நான் கண்ட அளவில், அங்கே ஒரு கருவியைக் குறித்த இடைவெளிகளில் சோதித்து அறிக்கை எழுதிவிட்டு அடுத்த கருவிக்குப் போகிறார்கள்; கதிர்சிகிச்சையிலோ ஒவ்வொரு காலையும் முதல் நோயாளி மேசையில் ஏறுமுன் பௌதிகவியலாளர் அந்த இயந்திரத்துக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்தது அந்தப் பொறுப்பு.

செலவையும் தூரத்தையும் பற்றி நீட்டத் தேவையில்லை. பேராதனையில் பட்டப்பின் விஞ்ஞான நிறுவகத்தின் வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில் நடப்பதால் ஆசிரியத் தொழிலையோ உதவி விரிவுரையாளர் பதவியையோ விடாமல் படிக்கலாம். ஏ9 வீதியின் ஒரு முனை யாழ்ப்பாணம், மறுமுனை பேராதனைக்குப் பக்கத்திலுள்ள கண்டி, இரவு பஸ்ஸில் ஏறினால் விடிய இறங்கலாம். தமிழ்நாட்டுக்குப் போகிறவர் தொழிலை விட்டுத்தான் போக வேண்டும். விசா, விடுதி, சாப்பாடு எல்லாம் புதிய செலவு. இந்திய அரசின் புலமைப்பரிசில் கிடைத்தால் அந்தச் சுமையில் பெரும்பகுதி இறங்கும். பணமும் குடும்பமும் மட்டுமே அளவுகோல் என்றால் பேராதனை சந்தேகமில்லாமல் வெல்லும்.

பாடத்திட்டத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. சிகிச்சைக் கதிரைத் தருகிற கோபால்ட்-60 இன் அரைவாழ்வு 5.27 ஆண்டு, ஆகவே அதன் வீரியம் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலாகக் குறையும், அதற்கேற்பச் சிகிச்சை நேரத்தைக் கூட்ட வேண்டும் என்பதை எந்த ஊர் விரிவுரையாளரும் ஒரே விதமாகத்தான் கற்பிப்பார். நான் தமிழ்நாட்டைத் தெரிந்ததற்குக் காரணம் பட்டத்துக்குப் பின் வருகிற ஒரு வருடம். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறைச் சபையின் விதிப்படி, முதுமாணிப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் மருத்துவ பௌதிகவியலாளராகப் பணியாற்ற முடியாது. கதிர்சிகிச்சைப் பிரிவொன்றில் 12 மாத உள்ளகப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகமோ, திருச்சியின் பாரதிதாசன் பல்கலைக்கழகமோ, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியோ, எங்கே படித்தாலும் இந்த விதி ஒன்றுதான்.

அந்த வருடம் எதைத் தருகிறது என்பதை என் தவறு ஒன்றைக் கொண்டே விளக்குகிறேன். சிகிச்சைக் கதிரை உண்டாக்குகிற லினாக் இயந்திரத்தின் டோஸை, அதாவது கதிர் அளவை, அளக்க நீர்த்தொட்டியை நிரப்பி, கதிர் விழுகிற பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் புலத்தில், பத்து சென்ரிமீற்றர் ஆழத்தில் அயனாக்க அறை என்கிற சிறு அளவுகருவியை வைப்போம். அந்த அறைக்குள் இருப்பது காற்று என்பதால் வெப்பநிலைக்கும் அமுக்கத்துக்கும் திருத்தம் செய்ய வேண்டும். அந்தச் சமன்பாட்டைப் பரீட்சைக்காக நித்திரையிலும் சொல்லுமளவுக்குப் பாடமாக்கியிருந்தேன். ஒரு காலையில் மேல்மாடித் தாங்கியிலிருந்து வந்த நீரைத் தொட்டியில் நிரப்பிவிட்டு, சுவரில் தொங்கிய வெப்பமானி காட்டிய 22 பாகையைக் கணக்கில் போட்டேன். டோஸ் இரண்டு சதவீதம் குறைவாக வந்தது. இயந்திரம் இறங்கிவிட்டது, கூட்ட வேண்டும் என்று என் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் வந்து தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நீர் 28 பாகை. அயனாக்க அறை ஏற்பது நீரின் வெப்பத்தை. ஆறு பாகை வித்தியாசத்துக்கு இரண்டு சதவீதம் என்பது அதே சமன்பாட்டிலேயே இருக்கிறது. அன்று என் சொல்லைக் கேட்டு இயந்திரத்தைத் திருத்தியிருந்தால், அடுத்த அளவீடு வரைக்கும் வந்த ஒவ்வொரு நோயாளிக்கும் டோஸ் இரண்டு சதவீதம் கூடிப் போயிருக்கும். மொத்தப் பிழை ஐந்து சதவீதத்துக்குள் நிற்க வேண்டிய தொழிலில் அது சின்ன விஷயமன்று.

இப்படியான விரல்கள் வார இறுதி வகுப்பில் கிடைப்பது கடினம். பேராதனையிலும் செய்முறைகளும் வைத்தியசாலைப் பயிற்சியும் உண்டு. அங்கே படித்த என் நண்பர்கள் இருவருமே கெட்டிக்காரர்கள். ஆனால் தொழில் பார்த்துக்கொண்டே படிக்கிறவர், இயந்திரம் ஓடுகிற வேலைநாட்களில் மாதக்கணக்காக அதன் அருகில் நிற்பது எப்படி? கற்கைக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருட மேற்பார்வைப் பயிற்சி வேண்டும் என்றே சர்வதேச அணுசக்தி முகவரகம் பரிந்துரைக்கிறது. அந்த அளவுகோலில் இந்தியாவின் ஒரு வருடமும் பாதிதான்.

மொழி விடயத்தில் ஒரு சிறு இலாபமும் உண்டு. நோயாளிகளோடு தமிழிலேயே பேசலாம், முதல் மாதம் நான் "கதைக்கலாமோ" என்று கேட்டபோதெல்லாம் எதிரில் இருந்தவர் கதை கேட்கத் தயாரானதைத் தவிர.

திரும்பி வருகிறவர் கவனிக்க வேண்டியது, தான் படிக்கப் போகிற பல்கலைக்கழகத்தை இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது. நான் படித்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. கட்டணத்தையும் அனுமதி விதிகளையும் என் அனுபவத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். நல்ல பெறுபேறு உள்ளவர்கள் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் 2014 முதல் நடக்கிற இரண்டு வருட முதுமாணிக் கற்கைக்கும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். வளர்முக நாட்டுப் பட்டதாரிகளை எண்ணித் தொடங்கப்பட்ட அதில் இரண்டாம் வருடம் முழுவதும் வைத்தியசாலையில்தான்.

வீட்டை விட்டுப் போக வழியில்லாதவருக்குப் பேராதனையை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அவர் சேருமுன் ஒன்றை மட்டும் கேட்டு அறிந்துகொள்ளட்டும்: பட்டம் முடிந்த கையோடு எந்த வைத்தியசாலையில், எந்த இயந்திரத்தில், யாருடைய மேற்பார்வையில், எத்தனை மாதம் நிற்கலாம்? அதற்கு ஒரு வைத்தியசாலையின் பெயர் பதிலாகக் கிடைத்தால், இரவு பஸ்ஸுக்கு ஆசனம் பதிவு செய்யலாம்.