மாலாக் பிழைகளும் மூன்று கருவிகளும்: நெடுநாள் அனுபவம்

ராமநாதபுரத்தில் மாணவர்களுக்கு சி மொழி சொல்லிக்கொடுக்கிறேன். மாலாக் (malloc, நினைவகத்தில் இடம் ஒதுக்கும் ஃபங்ஷன்) வரியில் + போன்ற ஆபரேட்டர் இடம் மாறி வரும் பிழைகளைப் பிடிக்க வால்கிரைண்ட், அட்ரஸ் சானிட்டைசர், கிளாங்-டைடி மூன்றையும் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். மூன்றும் இலவசம்.

எங்கள் பயிற்சி நிரல் ஒரு படகுப் பதிவேடு. ஊர்ப் பெயரைத் தமிழில் வாங்கி, இடம் ஒதுக்கி, நகலெடுத்து வைக்கும். அதில் ஓயாமல் வரும் பிழை இது (ஸ்டிரலென், அதாவது strlen, சொல்லின் நீளத்தைப் பைட்டில் அளப்பது): மாலாக்(ஸ்டிரலென்(ஊர்) + 1) என்று இருக்கவேண்டியது மாலாக்(ஸ்டிரலென்(ஊர் + 1)) ஆகிவிடும். முதல் பைட்டைத் தாண்டி அளப்பதால் ஒன்று குறையும், சொல் முடிவைக் குறிக்கும் கடைசிப் பூஜ்ய பைட்டுக்கும் இடம் கேட்கவில்லை. ஆக இரண்டு பைட் பற்றாக்குறை. இலக்கணம் சரியாக இருப்பதால் கம்பைலர் வாயே திறக்காது.

இதில் கொடுமை என்னவென்றால், பாம்பன் என்று கொடுத்தால் நிரல் நன்றாகவே ஓடும். எழுத்துகளைப் பைட்டுகளாக வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் அது 21 பைட். பூஜ்யத்தோடு 22 வேண்டும், கேட்பதோ 20. ஆனால் 64 பிட் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி (glibc) குறைந்தது 24 பைட் தருவதால் குட்டு வெளிப்படாது. கீழக்கரை 24 பைட். பூஜ்யத்தோடு 25 வேண்டும், கேட்பது 23, கிடைப்பது அதே 24. பூஜ்யம் அடுத்த துண்டின் அளவு எழுதியிருக்கும் இடத்தில் போய் விழும். நிரல் அங்கேயே சாகாது. வேறெங்கோ ஃப்ரீ செய்யும்போது (ஒதுக்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது) சாகும். மாணவர்கள் அந்த ஃப்ரீ வரியையே முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

வால்கிரைண்டுக்கு எந்த ஊரானாலும் ஒன்றுதான். கீழக்கரைக்கு "23 பைட் துண்டு முடிந்து 0 பைட் தள்ளி" எழுதுகிறாய் என்று சொல்லி, அந்த மாலாக் வரியையும் காட்டிவிடும். மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம், வரி எண் தெரிய மட்டும் முதலிலேயே -ஜி (-g) கொடுத்து கம்பைல் செய்திருந்தால் போதும். குறை வேகம்தான். நிரல் இருபது, முப்பது மடங்கு மெதுவாகும்.

அட்ரஸ் சானிட்டைசர் சுமார் இரண்டு மடங்குதான் மெதுவாக்கும், அன்றாட வேலைக்கு அதைத்தான் சொல்வேன். ஜிசிசி (GCC) கம்பைலரில் 4.8-லிருந்து இருக்கிறது. மாலாக்(ந + 1) என்பதை மாலாக்(ந) + 1 என்று எழுதி, அந்த முகவரியையே ஃப்ரீ செய்தால் உடனே நிறுத்திவிடும். ஆனால் மதிப்பு வைக்காத நினைவகத்தைப் படிப்பதை இது கண்டுகொள்ளாது. அதற்கு வால்கிரைண்ட் வேண்டும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் சேர்க்க முடியாது.

இந்த இரண்டும் ஓடிய வரியை மட்டுமே சோதிக்கும். கிளாங்-டைடி நிரலை ஓட்டாமலே படிக்கும், மேலே சொன்ன இரண்டு பிழைகளுக்கும் அதில் தனித்தனிச் சோதனை உண்டு. புதிதாக சி எழுதுகிறவர்கள் முதலில் இதை நிறுவுங்கள். அப்புறம் சானிட்டைசரோடு ஓட்டும்போது கீழக்கரை, தொண்டி, தங்கச்சிமடம் என்று நீளம் மாற்றி மாற்றிப் பெயர் கொடுத்துப் பாருங்கள்.