மோர்கம்ப்–வைஸா, இரண்டு ரோனிகளா?

பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் இரண்டு நகைச்சுவை ஜோடிகளில் யாருக்கு என் ஓட்டு? எரிக் மோர்கம்பும் எர்னி வைஸும் ஒரே கட்டிலில் படுத்தபடி பேசிக்கொள்வார்கள். யாருக்கும் விகல்பமாகத் தோன்றாது. அப்படியொரு ஜோடி. 1971 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் பியானோவைக் குதறிவிட்டு, இசை நடத்துநர் ஆந்த்ரே ப்ரெவினின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, தான் வாசித்த சுரங்கள் எல்லாம் சரிதான், வரிசைதான் சற்று மாறியிருக்கலாம் என்கிறார் எரிக். என்ன திமிர்! ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி எர்னியுடையது.

ரோனி பார்க்கரும் ரோனி கார்பெட்டும் வேறு ரகம். 1971 முதல் 1987 வரை பிபிசியில் சேர்ந்து வந்தாலும் தனித்தனியாகவும் சோபித்தவர்கள். சொல் விளையாட்டே பலம். ஒரு குறுநாடகத்தில், கடையில் பார்க்கர் கேட்பது தோட்டக் கருவிக்குக் கைப்பிடி. கார்பெட் எடுத்துவைப்பது நான்கு மெழுகுவத்தி. ஆங்கிலத்தில் ‘ஃபோர்க் ஹேண்டில்ஸ்’, ‘ஃபோர் கேண்டில்ஸ்’ இரண்டும் ஏறக்குறைய ஒரே ஒலி. மொழிபெயர்த்தால் உயிர் போய்விடும். எரிக்கின் மூக்குக்கண்ணாடி கோணலாவதற்கோ மொழியே வேண்டாம். என் ஓட்டு அவருக்கே.