வர்தாவைத் தாங்கிய வேம்பும், ‘புயல் பாதுகாப்பு’ என்று வந்தவர்களும்

சென்னையில் தாம்பரத்தை அடுத்த சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் தனி வீடும் வளர்ந்த மரமும் வைத்திருப்பவர்கள் இதைப் பருவமழைக்கு முன்பே படித்துவிடுங்கள். ‘புயல் வருமுன் மரப் பாதுகாப்பு’ என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கும் ஒரு கூட்டம் எங்கள் வாசல் வேம்புக்குச் செய்ததை எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போட்டும் பயனில்லை, ஆண்டுதோறும் பெயர் மாறுகிறது.

வேம்பு 1994-இல் வீடு கட்டியபோது அப்பா வைத்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுத்து, திசை மாறி மாறி அடித்தபோது எங்கள் தெருவில் குல்மோகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் வேம்பு இரண்டு கிளைகளை மட்டும் உதறிவிட்டு நின்றது. அதற்குமுன் அதை யாரும் மொட்டையடித்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

2021 புரட்டாசியில் இருவர் வந்து துண்டறிக்கை கொடுத்தார்கள். மின்கம்பியை நெருங்கும் கிளைகளையும் பட்டுப்போனவற்றையும் மட்டும் கழிக்க வேண்டும், கூலி 6,500 ரூபாய் என்று பேசி, அதை வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பினேன். ‘சரி மேடம்’ என்று பதிலும் வந்தது. வேலைக்கு ஆட்கள் வந்த நாளில் நான் அலுவலகத்தில் இருந்தேன். வீட்டில் அப்பா மட்டும். அவருக்கு 78 வயது.

அப்பாவைத் தூருக்கு அருகே அழைத்துப்போய், பட்டையில் ஏறியிருந்த கரையான் மண்ணைச் சுரண்டிக் காட்டியிருக்கிறார்கள். “அய்யா, உள்ளே கூடாகிவிட்டது. இந்த வருசக் காற்றுக்கு வீட்டு மேலேதான் விழும். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.” எந்தப் பெரியவர்தான் இதற்குப் பிறகு மறுத்துப் பேசுவார்? நான் மாலையில் வந்து பார்த்தபோது ஏறக்குறைய பதினைந்து அடிக்கு மேல் மரமே இல்லை. வெட்டிய முனைகள் எல்லாம் தாரால் கறுத்திருந்தன. தூரில் நாலைந்து துளைகள், அவற்றில் ஏதோ மருந்து. கூலி 24,000 ரூபாயாகியிருந்தது: புயல் பாதுகாப்புக் கவாத்து, கரையான் சிகிச்சை, தார்ப்பூச்சு, கழிவு அகற்றல் என்று தனித்தனியாக. ரசீது கிடையாது. பணம் கைப்பேசி வழியாக எவரோ ஒரு பெண்ணின் கணக்குக்குப் போயிருந்தது.

‘கழிவு அகற்றல்’ என்பதை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் கழிவு வைரம் பாய்ந்த வேப்பங்கட்டை. மரவாடியில் அதற்கு விலை உண்டு. அதனால்தான் வழக்கமாக மரம் வெட்டுகிறவர்கள் கட்டையைக் கூலியில் கழித்துக்கொள்வார்கள். இவர்கள் அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதற்கு எங்களிடமே வாடகை வாங்கியிருக்கிறார்கள்!

கரையான் கதை பெரும்பாலும் பொய். மழை ஈரம் இருக்கும் ஊரில் நல்ல மரத்தின் வெளிப்பட்டையிலும் கரையான் மண் ஏறும். அது தின்பது செத்த பட்டையை. மண்ணைத் தட்டிவிட்டால் கீழே பட்டை பசுமையாகவே இருக்கும். துளை போட்டதுதான் புதுக் காயம். தட்டிப் பார்த்து ‘பொந்து’ என்று பயமுறுத்துவதும் இதே வகைதான். உள்ளே கொஞ்சம் குடைந்திருந்தாலும் சுற்றிலும் போதுமான கனத்தில் நல்ல மரம் இருந்தால் அது நிற்கும். கவலைப்பட வேண்டியவை வேறு: தூரைச் சுற்றி மண் விரிந்து மேலெழும்புவது, திடீரென்று ஒரு பக்கம் சாய்வது, தூரில் காளான் வளர்வது, இரண்டு பெருங்கிளைகள் பிரியும் கவட்டில் விரிசல் ஓடுவது. இவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் அப்பாவிடம் காட்டவில்லை. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

மொட்டையடித்த மரம் காற்றுக்குப் பாதுகாப்பு என்று நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். முதலாம் ஆண்டு அது உண்மை போலத்தான் தெரியும், காற்று பிடிக்க இலையே இல்லையே. ஆனால் இலை இழந்த மரம் பட்டினி தாங்காமல், வெட்டிய இடத்துக்குக் கீழே பட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகப் போத்துகளை, அதாவது புதுக் கிளைகளை, விடும். இயல்பாக வளர்ந்த கிளையின் அடி, ஆண்டுதோறும் மரம் பருக்கப் பருக்க உள்ளே புதைந்து இறுகியிருக்கும். இந்தப் போத்துகளோ மேல்தோலில் ஒட்டியிருப்பவை. அதே நேரம் பெரிய வெட்டுவாயிலிருந்து அழுகல் கீழே இறங்கும். தார் அதைத் தடுக்காது, ஈரத்தை உள்ளே மூடிவைக்கத்தான் உதவும். ஆகப் பலமில்லாத கிளைகள், அழுகும் அடிமரத்தில், அடர்த்தியாக. இதற்குத்தான் 24,000 ரூபாய்.

எங்கள் வேம்பு 2022 மழைக்காலத்துக்குள் பந்து போலத் தழைத்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் ‘நன்றாகத் துளிர்த்துவிட்டதே’ என்றார்கள். டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. வர்தாவுக்கு முன்னால் அது சின்னப் புயல். ஆனால் வர்தாவில் நின்ற மரம் அன்றிரவு போத்துப் போத்தாகக் கிழிந்து கொட்டியது. ஒவ்வொன்றும் பட்டையோடு உரிந்து வந்திருந்தது. அவற்றில் பெரியது ஒன்று பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகையையும் அதற்குக் கீழே நின்ற ஸ்கூட்டரையும் நசுக்கியது. அந்தச் செலவு 18,000 ரூபாய். பக்கத்து வீட்டு அக்கா பாதிதான் வாங்குவேன் என்றார். அப்பா கேட்கவில்லை, முழுவதையும் கொடுத்தார்.

இத்தோடு விட்டார்களா? தை மாதம் மறுபடியும் வந்தார்கள். வேம்பின் கொழுந்துகள் நெருப்பில் வாட்டியது போலக் கருகியிருந்தன. “மரம் செத்துவிட்டது அய்யா. கூலியே வேண்டாம், அடியோடு எடுத்துவிடுகிறோம். கட்டை மட்டும் எங்களுக்கு.” அப்பா அரைமனதாகத் தலையாட்டும் நிலைக்கு வந்துவிட்டார். இந்த முறை நான் வீட்டில் இருந்தேன்.

பனிக்காலத்தில் வேம்பு கருகுவது தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாகப் பல ஊர்களில் நடப்பதுதான். தேயிலைக் கொசு என்ற பூச்சி இளங்கொழுந்தை உறிஞ்சுகிறது, கூடவே ஒரு பூஞ்சையும் சேர்ந்துகொள்கிறது. பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலான மரங்கள் வெயில் ஏறியதும் தழைத்துவிடுகின்றன. சந்தேகம் இருந்தால் சிறு கிளையின் தோலை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. எங்கள் மரம் பங்குனியில் துளிர்த்தது, பூவும் வைத்தது.

இன்னொரு பொருளையும் விற்கப் பார்த்தார்கள்: தூரைச் சுற்றிச் சிமெண்ட் மேடை, ‘வேருக்குப் பிடிமானம்’. கொத்தனார் சொன்ன நாளில் வராததால் மரம் அதிலிருந்து தப்பியது. பக்கவேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், இரண்டு மூன்று அடி ஆழத்துக்குள், கிளைப்பரப்பையும் தாண்டி ஓடுபவை. அங்கே சிமெண்ட் போட்டால் வேருக்குக் காற்றும் நீரும் போகாது. மேடைக்காகத் தோண்டும்போதே பாதி வேர் அறுந்துவிடும். மழையில் ஊறிக் குழைந்த மண்ணில், ஒரு பக்க வேர் இல்லாத மரத்தைச் சாய்க்கப் பெரிய புயல் தேவையில்லை. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது. நம் தெருக்களில் அதைப் பாதுகாப்பு என்று விற்கிறார்கள்.

காவல் நிலையத்தில் ‘கூலித் தகராறு’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். துண்டறிக்கையில் இருந்த எண் அணைந்துவிட்டது. எங்கள் கையில் இருப்பது வாட்ஸ்அப் பேச்சும் பணம் போன பதிவும்தான். உங்களுக்கு இப்படி நடந்தால் இவற்றை அழித்துவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது இருந்தால் உங்கள் கை எங்களுடையதைவிட வலுவாக இருக்கும்.

இப்போது மரத்தைப் பார்த்துக்கொள்பவர் தோட்டக்கலை படித்த ஓர் இளைஞர். முதல் நாள் அவர் எதையும் வெட்டவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அக்கா, ஒவ்வொரு வெட்டுவாயிலும் நல்ல இடத்தில் இருக்கிற ஓரிரண்டு போத்துகளை மட்டும் விட்டு, மற்றதைச் சில வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். ஒரே ஆண்டில் கால்பங்கு இலைக்கு மேல் போகக் கூடாது” என்றார். கிளையின் அடியில் மோதிரம் போலப் புடைத்திருக்கும் வளையத்தைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே வெட்டுகிறார். பெரிய கிளையென்றால் முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்துக்கொள்கிறார், பட்டை உரிந்து இறங்காமல் இருக்க. தார் இல்லை. இடுப்பில் கயிறு கட்டாமல் ஆள் ஏறுவதில்லை. கட்டையின் விலையைக் கூலியில் கழித்துக்கொள்கிறார்.

உங்கள் வாசலுக்கு வருபவரிடம் எந்தக் கிளை, எங்கே வெட்டு, எதற்காக என்று மரத்தின் கீழே நின்று காட்டச் சொல்லுங்கள். ‘மேலே எல்லாவற்றையும் இறக்கிவிடலாம்’ என்பது பதிலானால் அனுப்பிவிடுங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் நாளில் வேலை வைக்காதீர்கள். தெருவோர மரமென்றால் மாநகராட்சியின் அனுமதி வேண்டும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 1913-இல் கேட்கலாம். கம்பியை உரசும் கிளைக்கு மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

இந்தக் கூட்டத்தை அடையாளம் காண்பது எளிது. மஞ்சள் துண்டறிக்கை, ‘30 ஆண்டு அனுபவம்’, அதைக் கொடுப்பவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. பக்கத்துத் தெருவில் வேலை நடப்பதாகச் சொல்வார்கள். எந்த வீடு என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். முன்பணம் கேட்கவே மாட்டார்கள்.