பதினெட்டு போட்டால் பதினெட்டு வரும், ஆனால் எந்தப் பதினெட்டு?

நேற்று நண்பன் ஒருவன் கேட்டான், "உன்கிட்ட இருக்கிற அதே எஸ்பிரெசோ கிரைண்டர் விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா? நீ எந்த நம்பர்ல வச்சு அரைக்கிறே?" யோசிக்காமல் "வாங்காதே" என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிய நேரத்தில் என் கையில் இருந்தது அதே கிரைண்டரில் அரைத்துப் போட்ட காபி. அது நன்றாகவும் இருந்தது. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டரை வருஷமாக வைத்திருக்கிறேன். மோட்டார் ஒரு நாள்கூட முனகியதில்லை, அரைவை சீராக இருக்கிறது, சத்தமும் பழகிவிட்டது. மற்ற விவரமெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. என் கோபம் முழுக்க ஒரே இடத்தின் மேல்தான்: கொட்டையை அரைக்கும் பர் தட்டுகளுக்கும் தூள் வெளியே விழும் வாய்க்கும் நடுவே இருக்கும் அந்தக் குட்டிச் சந்து. அதில் எப்போதும் மூன்று, நான்கு கிராம் தூள் தங்கிவிடும்.

இது தெரியவே எனக்கு ஆறு மாதம் ஆனது. காரணம் தராசு. 18 கிராம் கொட்டையை எடை போட்டுப் போடுவேன், வெளியே வரும் தூளையும் எடை போடுவேன், 18 காட்டும். சரி, உள்ளே எதுவும் தங்கவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். தராசு பொய் சொல்லவில்லை, நான்தான் அதைத் தப்பாகப் படித்தேன். உள்ளே போன 18-இல் நான்கு கிராம் சந்திலேயே உட்கார்ந்துகொள்ள, முந்தின நாள் அங்கே உட்கார்ந்திருந்த நான்கு கிராம் எழுந்து வெளியே வருகிறது. எடை சரி, ஆள் மாறாட்டம்.

பழைய தூள் கலந்தால் ருசி கொஞ்சம் மங்கும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அரைவையைச் சரிசெய்யும்போதுதான் இது பைத்தியம் பிடிக்க வைக்கும். என் கணக்கு 18 கிராம் தூள் போட்டு 28 வினாடியில் 36 கிராம் காபி எடுப்பது, அதுதான் ஒரு ஷாட். புதுப் பை பிரித்த அன்று 17 வினாடியில் கொட்டித் தீர்த்துவிடும், புளிக்கும். கொஞ்சம் நைசாக்குவேன், 19. இன்னும் கொஞ்சம், 22. இன்னும் ஒரே ஒரு கோடு என்று திருப்பினால், அடுத்த ஷாட் 50 வினாடி தாண்டியும் சொட்டுச் சொட்டாக அழுதுகொண்டிருக்கும். நான் செய்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு ஷாட் தாமதமாக வந்து சேர்கிறது, நான் அதற்குள் அவசரப்பட்டு அடுத்த மாற்றத்தைச் செய்துவிடுகிறேன். பிறகு கொரகொரப்பாக்குவேன், அது மறுபக்கம் ஓடும். இப்படி எத்தனை பை கொட்டை சாக்கடைக்குப் போயிருக்கும் என்று எண்ண விருப்பமில்லை. அந்த ஆறு மாதமும் தூளை அழுத்துகிற என் டேம்ப்பிங்கைத் திட்டினேன், கொட்டை வறுத்தவரைத் திட்டினேன், தண்ணீரைக்கூட விட்டுவைக்கவில்லை.

இப்போது வழி தெரியும். நைசாக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டுகளுக்கு நடுவே மாட்டிய கொட்டைத் துண்டுகள் திருகலைத் தடுக்கும். திருப்பியதும் நான்கு கிராம் அரைத்துக் குப்பையில் போட்டுவிட்டு அப்புறம்தான் ஷாட்டுக்கு அரைக்க வேண்டும். காலையில் முதல் ஷாட்டுக்கு முன்னாலும் மூன்று கிராம் இதேபோல் போகும். தினம் மூன்று கிராம் என்றால் வருஷத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். நல்ல கொட்டையை வாங்கி வருஷம் ஒரு கிலோ குப்பைக்கு அரைக்க ஒரு மெஷின்! அரைக்கும் முன் கொட்டையில் ஓரிரு துளி தண்ணீர் தெளித்துக் குலுக்கினால் நிலைமின்சாரம் அடங்கி, தூள் அங்கங்கே ஒட்டுவது நன்றாகவே குறைகிறது. ஆனால் சந்து சந்துதான்.

போன மாதம், அரைவையை மாற்றத் திருப்புகிற நம்பர் போட்ட திருகு வளையம் இறுகிப்போய் அசையவே இல்லை. பழுது பார்ப்பவர் கழற்றிக் காட்டினார், மரை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கோடு தூள் கெட்டித்துப்போய்க் கிடந்தது. அதை நான் அவ்வப்போது திறந்து பிரஷ் போட்டிருக்க வேண்டும், அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். சுத்தம் செய்து பூட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பழையபடி எட்டில் வைத்து அரைத்தால் தண்ணீராய் ஓடியது. தட்டுகள் ஒன்றையொன்று தொடுகிற இடம் வளையத்தில் நகர்ந்துவிட்டது. இப்போது என் எட்டு, ஐந்து.

இவ்வளவு திட்டியவன் ஏன் இன்னும் அதை விற்கவில்லை என்றால், காரணம் ஒரு சின்ன எஃகுக் கிண்ணம்.

காபி இறக்கும் எஸ்பிரெசோ மெஷினோடு மூன்று பாஸ்கெட் வந்தன, அதாவது தூளைப் போடுகிற, அடியில் ஓட்டை போட்ட கிண்ணங்கள். முதலாவது இரட்டைச் சுவர் வைத்தது. தூளுக்கு அடியில் நிறைய ஓட்டை இருந்தாலும் கடைசியில் காபி வெளியேறுவது ஒரே ஊசி ஓட்டை வழியாக. அழுத்தத்தை அந்த ஓட்டையே உண்டாக்கிக்கொள்ளும் என்பதால் அரைவை எப்படி இருந்தாலும் நுரை பொங்கும். அதை வைத்து இரண்டு மாதம் ஓட்டினேன், சந்தோஷமாகவும் இருந்தேன், அதை மறைக்க மாட்டேன். இரண்டாவது, ஏழு கிராமுக்கான சிங்கிள், புனல் மாதிரி கீழே குறுகுவது. அதில் ஒரே மாதிரி இரண்டு ஷாட் எடுத்தவரைப் பார்த்தால் காலில் விழுவேன். இப்போது அதில் ஸ்க்ரூக்கள் போட்டு வைத்திருக்கிறேன். மூன்றாவது சாதாரண டபுள். ஒரு நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு பக்கம் ஓட்டைகள் பளிச்சென்றும் மறுபக்கம் பாதி அடைத்தும் தெரிந்தன. அடி திறந்த போர்ட்டாஃபில்டரில், அதாவது பாஸ்கெட்டைத் தாங்கி மெஷினில் மாட்டும் கைப்பிடியில், போட்டால் எப்போதும் அதே பக்கத்திலிருந்து பீய்ச்சி அடித்ததற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

நான்காவதாக, ஓட்டைகளை ஒரே அளவில் அளந்து செய்கிற வகையில் ஒரு 18 கிராம் பாஸ்கெட் வாங்கினேன். விஎஸ்டி, ஐஎம்எஸ் கம்பெனிகளின் இந்த வகைப் பாஸ்கெட்டெல்லாம் இந்த ரகம்தான். முதல் ஷாட் படுமோசம், 15 வினாடியில் காலி. இதில் தண்ணீர் சுலபமாக இறங்குவதால் இன்னும் நைசாக அரைக்க வேண்டியிருந்தது. சரிசெய்து முடித்த பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை: திங்கள் 28 வினாடி, செவ்வாய் 29, புதன் 28. ருசியில் புளிப்பும் கசப்பும் ஒன்றையொன்று மிதிக்காமல் தனித்தனியாகத் தெரிந்தன. இரண்டு வருஷம் கிரைண்டரின் தலையில் கட்டிய பழியில் பாதி அந்தப் பழைய டபுளுக்குச் சேர வேண்டியது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், முதலில் உங்கள் போர்ட்டாஃபில்டரின் அளவைப் பாருங்கள். 58 மில்லிமீட்டர் பரவலானது, 54, 51 மெஷின்களும் உண்டு. அப்புறம், தினம் எத்தனை கிராம் போடுகிறீர்களோ அந்த அளவை வாங்குங்கள். 18 என்று இருந்தால் ஒரு கிராம் கூடக் குறைய ஓடும், 21-ஐத் திணிக்கக் கூடாது. அழுத்திய தூளின் மேல் ஒரு மெல்லிய நாணயத்தை வைத்து மெஷினில் மாட்டிக் கழற்றிப் பாருங்கள், நாணயம் தூளுக்குள் பதிந்திருந்தால் மேலே இடமில்லை என்று அர்த்தம். கருக வறுத்த கொட்டை உப்பி லேசாக இருக்கும், அதே 18 கிராம் கூடுதல் உயரம் பிடிக்கும், அதனால் கொட்டை மாறினால் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். டேம்ப்பரையும் கவனியுங்கள். என் 58 டேம்ப்பர் இந்தப் பாஸ்கெட்டில் ஓரத்தில் ஒரு வளையம் அழுத்தாமல் விட்டது, 58.5 மாற்றிய பிறகு ஓரக் கசிவு நின்றது.

நல்ல பாஸ்கெட் வந்த மப்பில் நானும் ஒரு தப்பு செய்தேன், நைசாக நைசாகச் சத்து இன்னும் இறங்கும் என்று அரைத்துக்கொண்டே போனேன். ஒரு கட்டத்துக்கு மேல் புளிப்பும் கசப்பும் ஒரே கோப்பையில் வந்தன. மாவு மாதிரி ஆகிவிட்டால் தூளில் சில இடம் அடைத்துக்கொள்கிறது, தண்ணீர் மிச்ச இடத்திலேயே புகுந்து ஓடுகிறது. 2020-இல் மேட்டர் என்ற ஆய்விதழில் வந்த கட்டுரையும் இதைத்தான் சொன்னது, ஒரு எல்லைக்கு மேல் நைசாக்கினால் இறங்கும் சத்து குறையும் என்று. இரண்டு கோடு கொரகொரப்பாக்கினேன், சரியானது.

சரி, நண்பனுக்குப் பதில். வாங்காதே என்பதை மாற்றப்போவதில்லை. நான் என்னுடையதை விற்கப்போவதும் இல்லை. நீ எப்படியும் வாங்குவாய் என்று தெரியும், அதனால் பாஸ்கெட்டையும் கூடவே வாங்கிவிடு, முதல் பையைச் சரிசெய்வதற்கே கொடுத்துவிடு, ஒவ்வொரு திருப்பலுக்கும் நான்கு கிராம் தூக்கிப் போடு. நம்பர் மட்டும் கேட்காதே. போன மாதம் எனக்கு எட்டு, இந்த மாதம் ஐந்து, நேற்றுப் புதுப் பை பிரித்தேன், இன்று காலையில் நாலரை.