வெளிவாசல் இல்லாத வலையில் பைண்ட் 9: நான்கு வருஷ அனுபவம்

நான் பார்த்துக்கொள்ளும் வலையில் சுமார் எழுபது இயந்திரங்கள். ஒரு உற்பத்திக் கூடத்தின் கட்டுப்பாட்டுக் கணினிகள், சில சர்வர்கள், கேமராக்கள், இரண்டு பிரிண்டர்கள். இணையத் தொடர்பு கிடையாது. ஃபயர்வாலைத் தாண்டி ஒரு பாக்கெட்கூட வெளியே போகாது. 2021 முதல் இதற்குள் பெயர் சர்வராக, அதாவது பெயரைக் கேட்டால் ஐபி முகவரியைச் சொல்லும் சர்வராக, பைண்ட் 9 என்ற மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்கு முன் ஒவ்வொரு இயந்திரத்திலும் பெயர்-முகவரிப் பட்டியலாக இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்புதான். புது இயந்திரம் ஒன்று வந்தால் பென்டிரைவை எடுத்துக்கொண்டு எழுபது இடத்துக்கும் நடக்க வேண்டும். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்திலும் இப்படி ஒரே ஹோஸ்ட்ஸ் கோப்பைத்தான் எல்லோரும் நகலெடுத்து வைத்திருந்தார்கள். அது கட்டுப்படியாகாமல்தான் 1983இல் பெயர்களை சர்வர்களிடம் கேட்டறியும் டிஎன்எஸ் முறையை பால் மோக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். அந்தச் சிரமத்தை நாங்களும் ஒரு சுற்று பட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தோம்.

எங்களை உண்மையில் வாட்டியது தாமதம். பழைய லினக்ஸ் சர்வர் ஒன்றில் தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்தால், பாஸ்வேர்ட் கேட்பதற்கே பத்து விநாடி ஆகும். இயந்திரம் மெதுவாகிவிட்டது என்று நினைத்து ரேம்கூட மாற்றிப் பார்த்தோம். காரணம் வேறு. யார் வருகிறார்கள் என்று அறிய, வருபவரின் ஐபி முகவரிக்குரிய பெயரை அந்த சர்வர் தேடுகிறது. நிறுவிய நாளில் யாரோ எழுதிவைத்த 8.8.8.8 என்ற கூகுளின் பெயர் சர்வர் முகவரி அதில் அப்படியே இருந்தது. ஃபயர்வால் அந்தக் கேள்வியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஐந்து விநாடி காத்திருப்பு, மறுபடி ஒரு முயற்சி, இன்னும் ஐந்து விநாடி. அதுதான் அந்தப் பத்து.

பைண்டைப் போட்டதும் உள்பெயர்கள் எல்லாம் உடனே கிடைத்தன. ஆனால் மென்பொருள்கள் சும்மா இருக்காதே. அப்டேட் இருக்கிறதா, உரிமம் சரியா என்று ஏதாவது ஒரு வெளிப்பெயரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்போது பைண்ட் தன் பட்டியலில் உள்ள பதின்மூன்று ரூட் சர்வர்களையும் (இணையப் பெயர்த் தேடலின் தொடக்கப் புள்ளிகள்) தேடிப் போகும், யாரும் கிடைக்கமாட்டார்கள், பத்து விநாடி கழித்துத்தான் கையை விரிக்கும். அதுவரை கேட்ட மென்பொருளின் திரை உறைந்து நிற்கும்.

தீர்வு, ரூட்டையே நாமே வைத்துக்கொள்வது. ஏழெட்டு வரியில் ஒரு ரூட் சோன் ஃபைல் (பெயர்ப் பதிவுகள் அடங்கிய கோப்பு) எழுதி, எங்கள் உள்டொமைனுக்கு மட்டும் அதில் வழி காட்டினோம். இப்போது வெளிப்பெயர் எதைக் கேட்டாலும் ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்ற பதில் ஓரிரு மில்லி விநாடியில் வந்துவிடுகிறது. தனித்த வலையில் சரியான பதிலைப் போலவே முக்கியமானது, ‘இல்லை’ என்று உடனே சொல்வது. நான்கு வருஷத்தில் வேறு எந்த மாற்றமும் இந்த அளவுக்குப் பலன் தரவில்லை. கூடவே, பதில்களின் கையொப்பத்தைப் பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை நிறுத்திவிடுங்கள். கையொப்பம் இல்லாத நம் ரூட்டை, சரிபார்க்கும் ரிசால்வர் (பெயரைத் தேடித் தரும் சர்வர்) எதுவும் ஏற்காது.

டொமைன் பெயரில் நான் ஒரு தவறு செய்தேன். டாட் லோக்கல் என்று வைத்தேன். அது, சர்வர் இல்லாமலே இயந்திரங்கள் ஒன்றையொன்று பெயரால் கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ்ஸுக்கென்று 2013லேயே ஒதுக்கப்பட்ட பெயர். உபுண்டு மடிக்கணினிகளில் டிஎன்எஸ்ஸை நேரடியாகக் கேட்கும் டிக் கட்டளை சரியான முகவரியைக் காட்டும். அதே பெயரைப் பிங் செய்தால் ‘தெரியாது’ என்று வரும். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அந்த மடிக்கணினிகள் டாட் லோக்கல் பெயர்களை டிஎன்எஸ்ஸிடம் கேட்பதே இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. 2024 ஜூலையில் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு டாட் இன்டர்னலைத் தனி வலைகளுக்கென்று ஒதுக்கியது. அந்த வருஷமே அதற்கு மாறிவிட்டோம். புதிதாகத் தொடங்குபவர்கள் நேரே அதையே வைத்துக்கொள்ளலாம்.

மிக மோசமான நாள் 2022இல் வந்தது. முதன்மை சர்வரின் டிஸ்க் போய்விட்டது, யாருமே கவனிக்கவில்லை. அதன் பதிவுகளின் நகலை வைத்திருக்கும் இரண்டாம் சர்வர் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்ததால் கவனிக்கக் காரணமும் இல்லை. சரியாக ஏழாம் நாள் காலை, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், எல்லாப் பெயர்களும் ஒரே சமயத்தில் மறைந்தன. சோன் ஃபைலில் காலாவதி நேரம் 604800 என்று இருந்தது, அதாவது ஒரு வாரம். அதற்குமேல் முதன்மையிடமிருந்து தகவல் வராவிட்டால், இரண்டாம் சர்வர் தன்னிடம் உள்ள நகலை நம்பாது. சரி, அந்த நகலை எடுத்து முதன்மையாக்கிவிடலாம் என்று கோப்பைத் திறந்தால் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. பைண்ட் 9.9 முதல் இரண்டாம் சர்வர் தன் நகலை எழுத்து வடிவில் சேமிப்பதில்லை, பைனரியாகத்தான் வைக்கிறது. கூடவே வரும் நேம்ட்-கம்பைல்சோன் கருவியால் அதை எழுத்தாக மாற்றி, வேலையை மீட்க நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் வரிசையாக நின்றவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது காலாவதி நான்கு வாரம், 2419200. சோன் ஃபைல்களின் அச்சுப் பிரதி ஒன்று ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு சர்வர்களையும் தனித்தனியாகக் கேட்டு, சோன் ஃபைலை மாற்றும்போதெல்லாம் கூட்ட வேண்டிய சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு ஸ்கிரிப்ட் பார்க்கிறது. சீரியலைக் கூட்ட மறப்பதும், பெயரின் கடைசிப் புள்ளியை விட்டுவிடுவதும் இன்றும் நடக்கின்றன. புள்ளி விட்டுப்போனால் டொமைன் பெயர் இரண்டு தடவை ஒட்டிக்கொண்டு வரும். சோன் ஃபைலில் பிழை பார்க்கும் நேம்ட்-செக்சோன் கட்டளையை ஓட்டாமல் நான் எதையும் ரீலோட் செய்வதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. நான்கு கேமராக்கள் நாம் கொடுக்கும் பெயர் சர்வரை மதிக்காமல் 8.8.8.8ஐ மட்டுமே கேட்கும். ஃபர்ம்வேரில் மாற்ற வழியில்லை. போன மாதம் அந்த முகவரியையே எங்கள் சர்வருக்குக் கூடுதலாகக் கொடுத்து, ரவுட்டரில் அதற்கு வழி போட்டோம். அவை நேரம் கேட்கும் பூல்.என்டிபி.ஆர்க் என்ற பெயருக்கும் உள்ளேயே ஒரு சோன் எழுதி, எங்கள் நேர சர்வரைக் காட்டினோம். 1970 ஜனவரி என்று காட்டிக்கொண்டிருந்த கேமராப் படங்களில் இப்போது அன்றைய தேதி வருகிறது.